மாயாற்றங்கரை வழித்தடம்

1790 செப்டம்பரில் திப்பு சுல்தானின் படை மைசூர் மேட்டு நிலத்திலிருந்து கஜலட்டி கணவாய் வழியாகக் கீழே இறங்கியது. சத்தியமங்கலத்தில் முகாமிட்டிருந்த கர்னல் ஃபிளாய்டின் கம்பெனிப் படை அத்தனை வேகத்தை எதிர்பார்த்திருக்கவில்லை. சண்டைக்குப் பிறகு ஃபிளாய்டு பீரங்கிகளில் சிலவற்றைப் போட்டுவிட்டுக் கோவைப் பக்கம் பின்வாங்கினார். மைசூர்ப் போர்களைச் சொல்லும் நூல்களில் இந்தச் சண்டை ஓரிரு பக்கங்களில் முடிந்துவிடும். படை இறங்கிவந்த தடத்தை அவை அதிகம் கவனிப்பதில்லை. அந்தத் தடத்துக்கோ அதைவிடப் பழைய கதை உண்டு.

கணவாயின் அடிவாரத்தில், மாயாறும் பவானியும் கலக்கும் இடத்தை ஒட்டி, தணாயக்கன்கோட்டை இருந்தது. போசள மன்னர்களின் தண்டநாயகர்கள் 14ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து ஆண்டார்கள். மைசூருக்கும் கொங்கு நாட்டுக்கும் இடையில் போகும் படையும் பொதிமாடும் இந்தப் பள்ளத்தாக்கைத் தொட்டே போயாக வேண்டும் என்பதால்தான் கோட்டை அங்கே எழுந்தது. இன்று அந்தக் கோட்டை பவானிசாகர் நீர்த்தேக்கத்துக்குள் கிடக்கிறது. அணை நீர் வெகுவாக இறங்கும் கோடையில் மாதவப் பெருமாள் கோயிலின் கற்சுவர்கள் வெளியே தெரியும். சேறு காய்ந்த அந்தப் படுகையில் முளைக்கும் புல்லைத் தேடி யானைகள் வரும்.

யானைகள் புதிதாக வரவில்லை. மனிதர்களுக்கு வழிவிட்ட அதே நிலஅமைப்புதான் அவற்றுக்கும் வழிவிட்டது.

மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கைகோக்கும் இடம் நீலகிரி. அதன் வடக்குச் சரிவு ஏறத்தாழ செங்குத்தாக இறங்கி ஒரு தட்டையான நிலத்தில் முடிகிறது. அதுதான் சீகூர் பீடபூமி: மசினகுடி, மாவனல்லா, வாழைத்தோட்டம், பொக்காபுரம், சிறியூர், ஆனைகட்டி ஆகிய ஊர்கள் இருக்கும் நிலம். பீடபூமியின் வடக்கு விளிம்பில் மாயாறு நூற்றுக்கணக்கான அடி ஆழத்துக்குப் பாறையை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. ஆங்கிலேயர் அந்தப் பிளவை மைசூர் அகழி என்று அழைத்தார்கள். தெற்கே மலைச்சுவர், வடக்கே கிடங்கு. நடுவில் சில கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு காட்டுப் பட்டை. மேற்கே முதுமலை, பந்திப்பூர், வயநாடு. கிழக்கே சத்தியமங்கலம், தலமலை, பிலிகிரிரங்கன் மலை. இந்த இரண்டு பக்கத்துக் காடுகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது இந்தப் பட்டை வழியாகவும், மாயாற்றின் எதிர்க்கரையில் கர்நாடகத்தின் கணியன்புரா அருகே உள்ள இன்னொரு ஒடுக்கமான பட்டை வழியாகவும்தான்.

யானை ஏன் மலைமேல் ஏறிப் போகக்கூடாது என்று கேட்கலாம். ஏறும், ஆனால் அந்த உடல் எடைக்கு ஏற்றம் பெரும் செலவு. வட கென்யாவில் யானைகளுக்கு ஜி.பி.எஸ். கழுத்துப்பட்டை மாட்டி ஆராய்ந்தவர்கள், சிறிய குன்றுகளைக்கூட அவை சுற்றிப் போவதை 2006இல் காட்டினார்கள். நீலகிரிச் சரிவோ சிறிய குன்று அல்ல. மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஏறும் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தவர்களுக்கு அது தெரியும்.

இந்தக் காடு வறண்ட காடு. நீலகிரி மலைச்சுவர் தென்மேற்குப் பருவமழையை மறைத்துக்கொள்வதால், முதுமலையின் மேற்கு ஓரத்தில் பெய்யும் மழையில் பாதிகூட சீகூருக்கு எட்டுவதில்லை. மேற்கிலிருந்து கிழக்கே நடந்தால் ஒரே நாளில் காடு மாறிவிடும்: தேக்கும் வெக்காலியும் கருமருதும் குறைந்து, உசிலையும் இலந்தையும் வேலும் கள்ளியும் வந்துவிடும். தை முடிந்தால் மரங்கள் இலையை உதிர்க்கும். மாசி, பங்குனியில் பார்த்தால் எரிந்து கிடக்கும் நிலம்போலத் தோன்றும். முதல் கோடைமழை விழுந்த இரண்டாவது வாரமே தரையெல்லாம் புல்.

யானைக்கு நாளொன்றுக்கு நூறு கிலோவுக்கு மேல் தீனி வேண்டும். நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். இப்படிப்பட்ட காட்டில் ஒரே இடத்தில் ஆண்டு முழுதும் இரண்டும் கிடைக்காது. மழை எங்கே பெய்கிறதோ அங்கே போக வேண்டும்; ஓடை வற்றினால் மாயாற்றுக்குத் திரும்ப வேண்டும். பசுமைமாறாக் காட்டு விலங்குக்கு வழி அடைபட்டால் நெருக்கடி. வறண்ட காட்டு விலங்குக்கு வழி அடைபட்டால் கோடையில் பட்டினி. காட்டின் பரப்பை மட்டும் அளந்து, அந்தத் துண்டுகளுக்கு இடையிலான வழியை அளக்காத எந்தக் கணக்கும் இங்கே பாதிக் கணக்குதான்.

வழியை முதலில் கவனமாகப் பார்த்து எழுதிவைத்தவர்களின் நோக்கம் பாதுகாப்பு அல்ல. மைசூர் அரசுக்காக யானை பிடித்த ஜி.பி. சாண்டர்சன், 1870களில் சாம்ராஜநகர், பிலிகிரிரங்கன் பகுதியில் கெட்டா முறையைத் தொடங்கினார். ஒரு கூட்டத்தையே மரவேலிக்குள் ஓட்டி அடைக்கும் முறை அது. கூட்டம் எந்த மாதம் எந்தக் காட்டில் இருக்கும், எந்த ஓடையை எந்தத் துறையில் கடக்கும், எந்த இடுக்கில் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் என்று தெரியாமல் வேலியை எங்கே போடுவது? 1874இல் அவர் ஒரே முயற்சியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட யானைகளைப் பிடித்தார். அவருக்கு வழிகாட்டியவர்கள் அந்தக் காட்டுக் குடிகளே. 1878இல் வெளிவந்த அவருடைய நூலில் யானைகளின் பருவகால நடமாட்டம் பற்றிய குறிப்புகள் நிறைய இருக்கின்றன. பொறி வைப்பவரின் கண்ணோடு எழுதப்பட்டவை என்றாலும் பயனுள்ளவை. சென்னை மாகாணம் அந்த யானைப்பிடிப்புக்கு ஓராண்டு முன்பே, 1873இல், காட்டு யானைகளைக் கொல்வதைத் தடுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்திருந்தது. யானை அரசுக்கு வேண்டிய வேலையாள்; ஆகவே உயிரோடு இருக்க வேண்டும். அது நடக்கும் வழியைப் பற்றி அந்தச் சட்டம் கவலைப்படவில்லை.

1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்துக்குப் பிறகு காடுகளுக்கு எல்லைக்கல் நடப்பட்டது. காப்புக்காடு ஒரு பக்கம், வருவாய் நிலம் மறு பக்கம். சீகூரில் பட்டா நிலங்கள் காப்புக்காட்டுக்கு நடுவே தீவுகளாக நின்றன. ஓடைக்கரையும் சமநிலமும் உழவுக்கு ஏற்றவை. யானை நடப்பதற்கும் அவையே ஏற்றவை. பின்னாளில் எழுந்த வழக்குகளின் விதை இந்த எல்லைக்கற்களில்தான் இருக்கிறது.

ஆனால் அடுத்த ஐம்பது ஆண்டுகள் பெரிய மோதல் எதுவும் நடக்கவில்லை. காரணம் மலேரியா. சீகூர்ப் பக்கம் இரவு தங்கவே வெளியூரார் அஞ்சினார்கள். இருளரும் குறும்பரும் அங்கே வாழ்ந்தார்கள். மேலிருந்து படகர்கள் மாடுகளை இறக்கிப் பட்டி போட்டார்கள். கொஞ்சம் ராகி, கொஞ்சம் கொள்ளு. இரவில் பரண்மேல் காவல், தீப்பந்தம், தகரம் தட்டல். யானை வந்தால் போகும்வரை காத்திருந்தார்கள். இதைப் பொற்காலம் என்று சொல்வதற்கில்லை. காய்ச்சலில் குழந்தைகள் செத்த காலம் அது. ஆனால் அன்று பட்டிக்கும் பட்டிக்கும் இடையில் முள்வேலி கிடையாது என்பதும் உண்மை.

நிலைமையை மாற்றியது தண்ணீர். 1929இல் பைக்காரா நீர்மின் திட்டத்தின் வேலை தொடங்கி, 1932இல் மின்சாரம் வந்தது. மலைமேல் இருந்து குழாயில் விழும் நீர் சிங்காராவில் சக்கரத்தைச் சுழற்றும். தமிழகத்தின் தொழில் வளர்ச்சிக்கு, குறிப்பாகக் கோவையின் பஞ்சாலைகளுக்கு, அந்த மின்சாரம் செய்த உதவி பெரிது. மின்நிலையம் கட்டப்பட்ட இடம் யானைகள் கிழக்கும் மேற்குமாகப் போய்வரும் வழி. 1952இல் மாயாறு மின்நிலையமும் இயங்கத் தொடங்கியது. மரவகண்டி அணையிலிருந்து அதற்கு நீரைக் கொண்டுபோகும் திறந்த கால்வாய் பீடபூமியின் குறுக்கே ஓடுகிறது; செங்குத்தான சிமென்ட் கரைகளைக் கொண்ட கால்வாயை யானைக் கன்று எப்படித் தாண்டும்? பாலம் இருக்கும் சில இடங்களைத் தேடித்தான் கூட்டம் போக வேண்டும். கீழே 1948இல் தொடங்கிய பவானிசாகர் அணை 1955இல் முடிந்து, மாயாறும் பவானியும் கூடும் பள்ளத்தாக்கை நிரப்பியது. தணாயக்கன்கோட்டையோடு சேர்ந்து பழைய ஆற்றோரப் பாதையும் மூழ்கியது.

இந்தத் திட்டங்களை வகுத்த பொறியாளர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அவர்களுடைய வரைபடத்தில் உயரக்கோடுகள் இருந்தன, நீர்வரத்துக் கணக்கு இருந்தது. இலையுதிர்ந்த முள்காடு வெற்று இடமாகவே இருந்தது. வறண்ட காட்டுக்கு நேர்ந்த பெரிய இழப்புகளுக்கெல்லாம் இந்தப் பார்வையே அடி.

மக்கள் வந்ததும் இதே காலத்தில்தான். மின்நிலைய வேலைக்கு வந்தவர்கள் தங்கினார்கள். சுதந்திரத்தை ஒட்டிய உணவுப் பஞ்ச ஆண்டுகளில் மாயாற்றுப் பள்ளத்தாக்கின் நட்ட நடுவில், கூட்டுறவுப் பண்ணைச் சங்கமாகத் தெங்குமரஹாடா உருவானது. வருவாய்க் கணக்கில் நீலகிரி மாவட்டம். போக வேண்டுமானால் ஈரோடு மாவட்டத்துப் பவானிசாகர் வழியாகக் காட்டுக்குள் சென்று, பரிசலில் ஆற்றைக் கடக்க வேண்டும். மலேரியா ஒழிப்புக்கு டி.டி.டி. வந்த பிறகு அடிவாரமெங்கும் குடியேற்றம் பெருகியது. மேற்கே கூடலூர், பந்தலூர் பக்கத்தில் இன்னொரு துயரக் கதை. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து பெயர்க்கப்பட்ட தமிழர்களுக்கு வேலை கொடுக்க, 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கி, காடு தேயிலையானது. தங்கள் விருப்பத்தைக் கேட்காமல் கடல் தாண்டி அனுப்பப்பட்ட மக்கள், இன்னோர் உயிரின் வழியில் குடியமர்த்தப்பட்டார்கள். அவர்களை ஆக்கிரமிப்பாளர் என்று எளிதாகச் சொல்பவர்கள் இந்த ஆண்டுகளைத் திரும்பப் படிக்க வேண்டும்.

இந்த நிலையில்தான் குன்னூர் வழக்கறிஞர் ஈ.ஆர்.சி. டேவிதார் வருகிறார்.

டேவிதார் வேட்டையிலிருந்து பாதுகாப்புக்கு மாறிய தலைமுறை. நீலகிரி வனவிலங்குச் சங்கத்தின் செயலாளராக இருந்தவர். வரையாடுகளை மலைமலையாக ஏறி எண்ணியவர். செந்நாய்களின் வளைக்கு அருகே காத்திருந்து குறிப்பெடுத்தவர். சீகூர்க் காட்டோரத்தில் அவர் கட்டிய சிறு வீட்டின் முன்னால் யானைகள் போகும். 1970களில் அவர் நீலகிரியைச் சுற்றியுள்ள யானை வழித்தடங்களை நடந்து பார்த்துப் பதிவுசெய்தார். கருவி என்று பெரிதாக ஒன்றுமில்லை: நில அளவைத் துறையின் வரைபடத் தாள், பென்சில், கூட வந்த காட்டுக்காரர்கள். சாணம் எத்தனை நாள் பழையது, மண் தேய்ந்து பளபளக்கும் மரம் எந்தப் பக்கம், ஓடைக்கரையில் தடம் எங்கே ஏறி எங்கே இறங்குகிறது, எந்தத் தோட்டக்காரர் சமீபத்தில் வேலி போட்டார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டும் கண்டும் குறித்தார்.

அவர் செய்த புதுமை இதுதான். அதுவரை காட்டு வரைபடம் என்றால் காடு எங்கே இருக்கிறது என்று பச்சை பூசுவது. டேவிதார் பச்சைக்கும் பச்சைக்கும் நடுவில் இருந்த வெள்ளை இடத்தைப் பார்த்தார். இரண்டு சரணாலயங்கள் நன்றாகவே இருக்கலாம், நடுவில் உள்ள நான்கு தோட்டங்கள் கைமாறினால் இரண்டும் தீவாகிவிடும் என்று நிலம் மலிவாக இருந்த காலத்திலேயே அவர் சொன்னார். சீகூர், மேட்டுப்பாளையம் அருகேயுள்ள கல்லாறு என்று அவர் குறித்த இடுக்குகளே பின்னால் வந்த எல்லாப் பட்டியல்களிலும் வருகின்றன. அன்றே அரசு அந்தப் பட்டாக்களை வாங்கியிருந்தால் செலவு எவ்வளவு குறைந்திருக்கும்! இந்த வரலாற்றில் மனம் ஆறாத இடம் அதுவே.

டேவிதார் கண்ணால் கண்டதை எண்ணாக மாற்றும் வேலையை அடுத்து வந்தவர்கள் செய்தார்கள். 1980களின் தொடக்கத்தில் ராமன் சுகுமார் சத்தியமங்கலம், சாம்ராஜநகர்க் காடுகளில் யானைக் கூட்டங்களைப் பின்தொடர்ந்து, அவை பருவத்துக்குப் பருவம் எந்தக் காட்டைத் தேர்கின்றன, எப்போது வயலுக்கு வருகின்றன என்று ஆராய்ந்தார். வழி துண்டாகும் இடத்தில்தான் பயிர்ச்சேதமும் உயிர்ச்சேதமும் கூடுகின்றன என்பது இந்த ஆய்வுகளின் வழியே தெளிவானது. முதுமலையில் 1988இல் இந்திய அறிவியல் கழகத்தார் ஐம்பது ஹெக்டேர் வறண்ட இலையுதிர்காட்டில் ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டு அளக்கத் தொடங்கினார்கள். தீயும் வறட்சியும் யானையும் சேர்ந்து அந்தக் காட்டை எப்படி மாற்றுகின்றன என்ற கணக்கு அங்கிருந்து வருகிறது.

1990களின் தொடக்கத்தில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் யானைத் திட்டத்தில் அஜய் தேசாயும் தோழர்களும் முதுமலை யானைகளுக்கு ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டினார்கள். அலைவாங்கியைத் தூக்கிக்கொண்டு இரவும் பகலும் பின்னால் போனார்கள். பெண்யானை தலைமையிலான ஒரு கூட்டம் ஆண்டொன்றில் 500 சதுர கிலோமீட்டருக்கும் மேலான நிலத்தைப் பயன்படுத்துகிறது என்று தெரிந்தது. முதுமலைச் சரணாலயத்தின் பரப்பே அப்போது 321 சதுர கிலோமீட்டர்தான். ஒரேயொரு கூட்டத்துக்குக்கூடப் போதாத எல்லைக்குள் நாம் யானைகளைப் பாதுகாப்பதாக நினைத்துக்கொண்டிருந்தோம் என்பதை அந்த எண் வெட்டவெளிச்சமாக்கியது. பந்திப்பூருக்கும் சீகூருக்கும் மாநில எல்லை பாராமல் அவை போய்வந்தன.

வரைபடத்தின் பக்கமும் இதே காலத்தில் வேலை நடந்தது. புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், 1961இல் கன்னியாகுமரித் தாளில் தொடங்கித் தென்னிந்தியாவின் தாவரங்களைத் தாள்தாளாக வரைந்துவந்தது. அங்கே பணிபுரிந்த ஜே.பி. பாஸ்கல் 1980களில் வெளியிட்ட காட்டு வரைபடங்கள், எத்தனை பச்சை என்று பார்ப்பதோடு நில்லாமல், எந்த மழையில் எந்த மரக்கூட்டம், எது சிதைந்தது, எது இயல்பிலேயே குட்டையானது என்று பிரித்துக் காட்டின. இந்தப் பிரிப்பு மிக முக்கியம். செயற்கைக்கோள் படத்தில் மார்ச் மாத வறண்ட காடு தரிசுபோலத் தெரியும். மரக்கவிப்பு பத்து விழுக்காட்டுக்குக் கீழே போனால் இந்திய வன அளவைத் துறையின் கணக்கில் அது காடாகவே சேராது, புதர் நிலமாகிவிடும். மாயாற்றுப் பள்ளத்தாக்கின் முள்காட்டில் வெளிமான் இருக்கிறது, கழுதைப்புலி இருக்கிறது. தென்னிந்தியாவில் பாறுக் கழுகுகள் கூடு கட்டும் இடங்களில் முதன்மையானது அது. அத்தனையும் புதர் நிலம் என்ற ஒரே சொல்லுக்குள் மறைந்துவிடும்.

இந்தியாவின் முதல் செயற்பாட்டு நிலைத் தொலையுணர்வுச் செயற்கைக்கோளான ஐ.ஆர்.எஸ்.-1ஏ 1988 மார்ச்சில் ஏவப்பட்டது. அதன் கூர்மையான கேமராவுக்கே ஒரு புள்ளி என்பது சுமார் 36 மீட்டர். சீகூரில் சில இடுக்குகள் சில நூறு மீட்டர் அகலமே உள்ளவை. அங்கே ஒருவர் மின்வேலி போட்டால் வழி முடிந்தது; வேலிக்கம்பியோ எந்தப் படத்திலும் விழாது. இன்றைய படங்கள் வீட்டுக் கூரையை எண்ணுமளவு துல்லியமானவை. ஆனாலும் வேலியையும், உன்னிச்செடி அடர்ந்து நடக்க முடியாமல் போன ஓடைக்கரையையும் கண்டுபிடிக்கக் காலால் நடக்க வேண்டியிருக்கிறது.

கணினி வந்தபின் முறை மாறியது. நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அதைக் கடக்க யானைக்கு எவ்வளவு சிரமம் என்று ஒரு மதிப்புக் கொடுப்பார்கள்: காடு என்றால் குறைவு, தார்ச்சாலை என்றால் கூடுதல், வீடு, செங்குத்துச் சரிவு என்றால் மிக அதிகம். பிறகு ஒரு காட்டிலிருந்து இன்னொன்றுக்கு மொத்தச் சிரமம் குறைந்த வழி எது என்று கணினி தேடும். 2000களின் பிற்பகுதியில் பிராட் மெக்ரே என்ற அமெரிக்க ஆய்வாளர் இதையே மின்சுற்றுக் கணக்காக மாற்றினார். மின்னோட்டம் பல வழிகளில் பிரிந்து பாய்வதுபோல விலங்குகளும் பல தடங்களில் பிரியும். எல்லா ஓட்டமும் ஒரே இடுக்கில் நெருக்கும் இடம் தெரிந்தால் முதலில் காக்க வேண்டியது அதைத்தான். நீலகிரியைச் சுற்றிய நிலப்பரப்புக்கு இத்தகைய இணைப்புக் கணக்கு 2017இல் வெளியானது. அதை எழுதியவர்களில் ஒருவர் டேவிதாரின் மகளும் சூழலியலாளருமான பிரியா டேவிதார். தந்தை பென்சிலால் குறித்த சீகூர், கணினியிலும் இரு மலைத்தொடர்களின் இணைப்பாகவே துலங்கியது.

இதற்கிடையே இந்திய வனவிலங்கு அறக்கட்டளை 2005இல் நாடு முழுதும் 88 யானை வழித்தடங்களைத் தொகுத்து நூலாக்கியது. 2017ஆம் ஆண்டுப் பதிப்பில் அது 101 ஆனது. மத்திய அரசின் 2023ஆம் ஆண்டு அறிக்கையில் 150. எண் கூடுவதை நல்ல செய்தியாகப் படித்துவிடக் கூடாது. ஆய்வு விரிந்தது ஒரு காரணம்; முன்பு அகலமான காடாக இருந்தது ஒடுங்கி வழித்தடமாகச் சுருங்கியது இன்னொரு காரணம். வரைந்ததோடு நில்லாமல் நிலத்தை வாங்கிக் காட்டிய இடங்களும் உண்டு. கர்நாடகத்தில் பிலிகிரிரங்கன் மலைக்கும் கொள்ளேகால் காடுகளுக்கும் நடுவில் எடையாரள்ளி – தொட்டசம்பிகே தடத்தில் அந்த அறக்கட்டளை வாங்கி வனத்துறையிடம் ஒப்படைத்தது வெறும் 25.5 ஏக்கர். சரியான இடத்தில் என்றால் அவ்வளவு போதும்.

சீகூரில் நடந்தது வேறு. 1990களிலிருந்து மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா பக்கம் விவசாய நிலங்கள் கைமாறி விடுதிகளாயின. யானை பார்க்க வந்தவர்களுக்காக யானை நடந்த வழியில் அறைகள் எழுந்தன. அறைகளைச் சுற்றி மின்வேலி. 2007 டிசம்பரில் முதுமலை புலிகள் காப்பகமானபோது மக்கள் எதிர்த்துத் தெருவுக்கு வந்தார்கள். தங்களை வெளியேற்றிவிடுவார்கள் என்ற அச்சம் அவர்களுக்கு. 2008இல் ‘யானை’ ராஜேந்திரன் என்பவர் தொடுத்த பொதுநல வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்டது. நிபுணர் குழு வரைபடத்தை ஆராய்ந்தது. தனித்தனித் தடங்களாகச் சொல்லப்பட்டவற்றை ஒரே வழித்தடமாக இணைத்து 2010 ஆகஸ்டில் தமிழக அரசு ஆணை வெளியிட்டது. 2011 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. விடுதி உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2018 ஆகஸ்டில் அனுமதியின்றிக் கட்டப்பட்ட 11 விடுதிகளை 48 மணி நேரத்துக்குள் மூடி முத்திரையிட உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2020 அக்டோபர் 14 அன்று இறுதித் தீர்ப்பில் அரசாணை நிலைநிறுத்தப்பட்டு, நில உரிமையாளர்களின் ஆட்சேபங்களைக் கேட்க ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி கே. வெங்கட்ராமன் தலைமையில் குழு அமைந்தது. குழுவில் அஜய் தேசாயும் இருந்தார். அடுத்த மாதமே அவர் காலமானார். அந்த யானைகளின் பின்னால் நடந்து வழியை அறிந்தவர், அந்த வழியைப் பற்றிய விசாரணையில் உட்கார முடியாமல் போனது பெரும் இழப்பு.

தீர்ப்பு வந்து மூன்று மாதம் கழித்து, 2021 ஜனவரியில், மசினகுடியில் விடுதிப் பக்கம் வந்த ஆண் யானையின்மீது எரியும் பொருள் வீசப்பட்டு, காது கருகி, அது இறந்துபோனது. அந்தத் தாக்குதலின் காணொளியைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

ஆனாலும் விடுதிக்காரரையும் இருளர் குடும்பத்தையும் ஒரே கோட்டுக்குள் அடைக்கும் வரைபடம் நியாயமானதல்ல. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி அந்தக் குடும்பத்துக்கு அங்கே உரிமை உண்டு. அவர்களுடைய மண்சுவர் வீடும் மாட்டுப்பட்டியும் தலைமுறைகளாக யானைக்கு நடுவில் இருந்தவை. தெங்குமரஹாடா மக்களை அவர்கள் சம்மதத்தோடு இடம்பெயர்க்க, குடும்பத்துக்கு 15 லட்ச ரூபாய் வீதம் 74.25 கோடி ரூபாயைத் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் விடுவிக்க வேண்டும் என்று 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. கேட்டுச் செய்தால் போகத் தயாராக இருக்கும் ஊர்களும் உண்டு.

கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதை 2024 காட்டியது. அந்த ஆண்டு ஏப்ரல் இறுதியில் வனத்துறைக் குழு தமிழ்நாட்டில் 42 யானை வழித்தடங்களைக் கண்டு வரைவு அறிக்கை வெளியிட்டது. வேலை மதிப்புள்ளது, பழைய பட்டியல்களில் விடுபட்ட பல தடங்கள் அதில் இருந்தன. ஆனால் அறிக்கை ஆங்கிலத்தில் வந்தது. கருத்துச் சொல்ல ஒரு வார அளவே நேரம் தரப்பட்டது. கூடலூர்ப் பக்கம் தங்கள் வீடு கோட்டுக்கு உள்ளா வெளியா என்று தெரியாமல் ஆயிரக்கணக்கானவர்கள் பதறினார்கள். வழித்தடம் என்ற சொல்லே அங்கே வெளியேற்றம் என்ற பொருளில் கேட்கத் தொடங்கியது. ஐம்பது ஆண்டு உழைப்புக்கு இதைவிடக் கெட்ட அறிமுகம் வேறில்லை.

2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 3,063 யானைகள். அவற்றுக்கு வழி எது என்பதில் இனி பெரிய ஐயம் இல்லை. டேவிதாரின் பென்சிலும் தேசாயின் அலைவாங்கியும் கணினியும் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன. மீதமிருப்பது அரசின் வேலை. அடுத்த வரைவு தமிழில் வர வேண்டும். ஒவ்வொரு சர்வே எண்ணையும் சேர்த்து, காப்புக்காடு எது, பட்டா எது, விடுதி எது, பழங்குடி ஊர் எது என்று தனித்தனி நிறத்தில் காட்டி, யாருக்கு என்ன தடை, யாருக்கு எந்தத் தடையும் இல்லை என்று எழுத வேண்டும். கர்நாடகப் பக்கத்துக் கணியன்புராத் தடமும் அதே தாளில் இருக்க வேண்டும். மசினகுடி ஊராட்சி, கூடலூர் நகராட்சி அலுவலகங்களில் அது குறைந்தது மூன்று மாதமாவது மக்கள் பார்வைக்கு இருக்கட்டும். கிராம சபையில் வனத்துறையினர் நேரில் வந்து விளக்கட்டும்.